எல்லோருக்கும் ஒரே எடிட்டரா?

தேர்வு எழுதும்போது உங்கள் பள்ளியில் சில விதிகள் உண்டு. விடைத்தாளின் இடப் பக்கம் ஓரம் விட வேண்டும். நீலம் அல்லது கறுப்பு மையால் எழுத வேண்டும். வினா எண்ணைத் தவறாமல் குறிக்க வேண்டும். இவற்றை யாரும் எதிர்ப்பதில்லை. விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார். அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதிகள் இவை. ஆனால், "இன்ன நிறுவனத்தின் இன்ன பருமனுள்ள பேனாவால்தான் எல்லோரும் எழுத வேண்டும், அதையும் வலக் கையால்தான் பிடிக்க வேண்டும்" என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் என்ன சொல்வீர்கள்? இடக் கையால் எழுதும் உங்கள் நண்பன் என்ன செய்வான்?

இதே போன்றதொரு கேள்வி, கணிப்பொறிக்கு நிரல் எழுதும் அலுவலகங்களில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. நிரல் எழுதுவோர் ஆளுக்கொரு எடிட்டரை வைத்துக்கொள்ளலாமா, அல்லது அலுவலகம் முழுவதும் ஒரே எடிட்டர்தான் இருக்க வேண்டுமா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் இதன் பேரில் நண்பர்கள் மனம் கசந்ததும் உண்டு, நல்ல வேலையை விட்டுப் போனவர்களும் உண்டு. இதில் ஒளிந்திருக்கும் அறிவியல் என்ன என்று பார்ப்போம்.

எடிட்டர் என்பது என்ன?

நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் தரும் ஆணைகளின் வரிசை. மளிகைக் கடைப் பட்டியலைப் போல ஒரு வரிக்குக் கீழ் இன்னொரு வரியாக வெறும் எழுத்துகளால் எழுதப்பட்டு, ஒரு கோப்பில் சேமிக்கப்படுகிறது. அந்த எழுத்துகளை அடிக்க, அழிக்க, இடம் மாற்ற, தேட உதவும் மென்பொருள்தான் எடிட்டர். எழுதி முடித்த நிரலை எந்திர மொழிக்கு மாற்றுவது வேறொரு மென்பொருளின் வேலை. அதைக் கம்பைலர் என்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கம்பைலரிடம் வந்து சேர்வது கோப்பு மட்டுமே. அந்தக் கோப்பை எந்த எடிட்டரில் அடித்தார்கள் என்று கம்பைலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியானால் எதற்காக இவ்வளவு சண்டை?

ஏன் இத்தனை வகைகள்?

ஒவ்வொரு எடிட்டரும் தான் பிறந்த காலத்தின் எந்திரத்தைத் தன்மேல் சுமந்துகொண்டிருக்கிறது.

1969-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் என்பவர் 'ஈ.டி.' என்ற எடிட்டரை எழுதினார். அப்போது அவர்களிடம் திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம்தான் கணிப்பொறியுடன் பேசும் வழி. அது காகிதத்தில் நொடிக்கு 10 எழுத்து வீதம் 'கட கட' என்று அடிக்கும். 70 எழுத்துள்ள ஒரு வரியைக் காட்டவே 7 நொடி! ஆகவே ஈ.டி. வாய் திறக்காத எடிட்டராக ஆயிற்று. நீங்கள் கேட்டாலொழிய அது எதையும் அச்சிடாது. நீங்கள் தவறு செய்தால் ஒரே ஒரு கேள்விக்குறியை அடித்துவிட்டுச் சும்மா இருக்கும். என்ன தவறு என்று நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு திரைகள் வந்தன. 1976-இல் பெர்க்கிலியில் இருந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் 'வி.ஐ.' என்ற எடிட்டரை உருவாக்கத் தொடங்கினார். தொலைபேசிக் கம்பி வழியாக நொடிக்கு 30 எழுத்து வரும் காலம் அது. திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். ஆக மொத்தம் 1,920. இதை 30-ஆல் வகுத்துப் பாருங்கள். முழுத் திரையையும் ஒரு தடவை வரைய 64 நொடி ஆகும். எனவே திரையை வீணாக மறுபடி வரையாமல், மிகக் குறைந்த விசைகளில் வேலையை முடிக்கும்படி அவர் அந்த எடிட்டரை அமைத்தார். அவர் பயன்படுத்திய விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்து விசைகளின் மேல் அம்புகள் வரையப்பட்டிருந்தன. அந்த எந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால் வி.ஐ. எடிட்டரிலும் அதன் வழித்தோன்றலான 'விம்' எடிட்டரிலும் இன்றும் அதே நான்கு விசைகளைத் தட்டித்தான் பலர் மேலும் கீழும் நகர்கிறார்கள். (பாத்திரம் துலக்கும் விம் வேறு, இது நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டது. இதைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி ஒரு வேண்டுகோள் தெரியும்.)

சைக்கிள் விடக் கற்றவர், பெடலை எப்போது மிதிப்பது என்று எண்ணி எண்ணி மிதிப்பதில்லை. இருபது ஆண்டு ஒரே எடிட்டரில் எழுதியவரின் கையும் அப்படித்தான். "இந்தச் சொல்லை அழி" என்று மனம் நினைக்கும்போதே விரல் அழித்து முடித்திருக்கும். மனம் தன் கவனம் முழுவதையும் கணக்கின்மேல் வைக்கிறது. கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. எடிட்டரை மாற்றச் சொன்னால், இந்தப் பழக்கம் உதவியாக இருந்தது போய் இடையூறாகிவிடும். பழைய விசையைத் தட்டிய கை, புதிய எடிட்டரில் வேறு எதையோ அழித்து வைக்கும்.

இதன் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு ஓர் அலுவலகத்தில் 50 பேர் என்றும், புதிய எடிட்டர் பழகும் வரை ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 1 மணி நேரம் வீணாகிறது என்றும், பழக 20 வேலை நாட்கள் ஆகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். 50 x 20 = 1,000 மணி. நாளுக்கு 8 மணி என்றால் 125 நாள் உழைப்பு. இவ்வளவு கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

உதவிக்கு வந்தவர் திகைத்து நின்றார்

இவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று சொல்வோரிடம் நல்ல நியாயம் ஒன்று உண்டு. அதற்கு எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் நடந்த கதை.

1970-களில் அங்கே 'டெகோ' என்ற எடிட்டர் இருந்தது. அதில் ஏறத்தாழ ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆணை. உங்கள் பெயரை ஆணையாக அடித்தால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது அங்கே ஒரு விளையாட்டாகவே இருந்ததாம்! இந்தச் சிக்கலைக் குறைக்க, பல ஆணைகளைக் கோத்து ஒரே விசையில் அடக்கிக்கொள்ளும் வசதியை ரிச்சர்ட் ஸ்டால்மன் சேர்த்தார். உடனே ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தபடி விசைகளை அமைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒருவர் தம் நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க முடியாமல் நண்பரை அழைத்தால், வந்த நண்பர் விசைப்பலகைமுன் உட்கார்ந்து திகைத்து நின்றார். அவர் வழக்கமாகத் தட்டும் விசை இங்கே வேறு எதையோ செய்தது. பெயரளவில் ஒரே எடிட்டர். நடைமுறையில் ஆளுக்கொரு மொழி.

கய் ஸ்டீல் என்பவர் இந்தக் குழப்பத்தைக் கவனித்து, 1976-இல் எல்லோருடைய விசை அமைப்புகளையும் ஆராய்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கத் தொடங்கினார். ஸ்டால்மன் அந்த வேலையை ஏற்று முடித்தார். அப்படிப் பிறந்ததுதான் 'ஈமேக்ஸ்' என்ற புகழ்பெற்ற எடிட்டர்.

அவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்பதைப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே விசை அமைப்பு. அதன்மேல் யார் வேண்டுமானாலும் தமக்குத் தேவையானதைச் சேர்க்கலாம், மாற்றலாம். நல்ல மேம்பாடு செய்தவர் அதைப் பொதுவில் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பொதுவான அடித்தளம், அதன்மேல் சொந்த மாடி. கட்டாயத்தால் வந்த ஒருமை இல்லை இது. ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்ற தேவையால் வந்தது. என் கணிப்பில், ஒரே எடிட்டர் வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் மிகவும் நேர்மையானது இதுதான்.

பொருந்தாத குழாய்கள்

இனி, சற்று நேரம் கணிப்பொறியை மறந்துவிட்டு ஒரு தீ விபத்தைப் பார்ப்போம். எதை ஒரே அளவாக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது.

1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன், பிலடெல்பியா முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலேறி உதவிக்கு வந்தன. எந்திரங்கள் நல்லவை, வீரர்களும் தேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த குழாய்களின் முனைகள் பால்டிமோரின் தெருக் குழாய்களில் பொருந்தவில்லை! ஒவ்வொரு நகரமும் தன் விருப்பப்படி மரை அளவை வைத்திருந்தது. வந்தவர்களில் பலர் தண்ணீர் எடுக்க வழியின்றித் தவித்தார்கள். ஏறத்தாழ 30 மணி நேரம் எரிந்த தீ, 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் தீத்தடுப்புச் சங்கம் குழாய் முனைகளுக்குப் பொது அளவு ஒன்றை வகுத்தது.

பொது அளவு எதற்கு வகுக்கப்பட்டது? முனைக்கு. வண்டியை எத்தனை குதிரைகள் இழுக்க வேண்டும், நீரை இறைக்கும் எந்திரத்தை யார் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அது தொடவில்லை. இரண்டு பேருடைய பொருள்கள் எங்கே சந்திக்கின்றனவோ அங்கேதான் ஒற்றுமை கட்டாயம்.

நிரலாளர்கள் சந்திக்கும் 'முனை' எது? கோப்புதான். ஒருவர் எழுதிய கோப்பை இன்னொருவர் திறக்கிறார், திருத்துகிறார், திருப்பி அனுப்புகிறார். அந்தக் கோப்பில் கண்ணுக்குத் தெரியாத சில எழுத்துகள் இருக்கின்றன. தொல்லை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

கணிப்பொறிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். இடைவெளி என்பது 32. 'டேப்' விசை தருவது 9. வரி முடிந்தது என்று காட்ட யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகள் 10 என்ற எண்ணை மட்டும் போடுகின்றன. விண்டோஸ் 13, 10 என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறது. இது டெலிடைப் காலத்துச் சொத்து: 13 என்றால் எழுதும் தலை இடப் பக்கம் திரும்ப வேண்டும், 10 என்றால் காகிதம் ஒரு வரி மேலே நகர வேண்டும். காகிதமும் தலையும் போன பிறகும் எண்கள் மட்டும் தங்கிவிட்டன.

திரையில் பார்த்தால் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆயிரம் வரியுள்ள ஒரு கோப்பில் நீங்கள் ஒரே ஒரு வரியைத் திருத்துகிறீர்கள். உங்கள் எடிட்டர் உங்களைக் கேட்காமலே எல்லா வரி முடிவுகளையும் மாற்றி எழுதிவிடுகிறது. நிரலில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று குறித்து வைக்க 'கிட்' என்றொரு மென்பொருள் உண்டு. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. முன்னேற்பாடு செய்து வைக்காவிட்டால் அது, "ஆயிரம் வரிகளும் மாறிவிட்டன" என்று அறிவிக்கும். உங்கள் திருத்தத்தைச் சரிபார்க்க வேண்டியவர் அந்த ஆயிரத்தில் உண்மையாக மாறிய ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பார்? அதில் ஒரு பிழை இருந்தால் அது அப்படியே தப்பிப் போய்விடும்.

டேப் விசையின் கதை இன்னும் சுவையானது. டேப் என்பது ஒரே எழுத்து; அதைத் திரையில் எத்தனை இட அகலமாகக் காட்டுவது என்பது எடிட்டரின் விருப்பம். ஒன்று 4 இடம் காட்டும், இன்னொன்று 8 காட்டும். 'பைத்தான்' மொழியில், எந்த ஆணை எதற்குள் அடங்கியது என்பதை வரி எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பதே முடிவு செய்யும். கீழே உள்ளதைப் பாருங்கள். பைத்தானைத் தமிழில் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்:

ஒவ்வொரு மாணவருக்கும்:
    மதிப்பெண் 35-க்குக் குறைவு எனில்:
        பெயரை அச்சிடு
    எண்ணிக்கையில் 1 கூட்டு

வகுப்பில் 40 பேர். 35-க்குக் கீழ் வாங்கியவர்கள் 6 பேர். கடைசி வரி 'எனில்' என்பதற்கு வெளியே இருப்பதால் எண்ணிக்கை 40 என்று வர வேண்டும். ஆனால் இதை எழுதியவர், டேப்பை 4 இடமாகக் காட்டும் எடிட்டரில், கடைசி வரிக்குமுன் மட்டும் ஒரு டேப் அடித்தார் என்று கொள்வோம். மற்ற வரிகளில் இடைவெளிகள். அவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். பழைய பைத்தான் 2-ஓ டேப்பை 8 இடமாகக் கணக்கிட்டது. அதன்படி கடைசி வரி 'பெயரை அச்சிடு' என்பதற்கு நேர் கீழே வந்துவிடுகிறது, அதாவது 'எனில்' என்பதற்குள். விடை 6! எந்த எச்சரிக்கையும் வராது. 2008-இல் வந்த பைத்தான் 3, இப்படிப் பொருள் மாறக்கூடிய கலப்பைக் கண்டால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். பைத்தான் 2-க்கான பராமரிப்பு 2020-இல் முடிந்தது, நல்லதுதான்.

தமிழ் எழுத்திலும் இப்படி ஒன்று உண்டு. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். 'க' உடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. 'க' உடன் இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. எண்கள் வேறு. கவனமின்றி எழுதிய நிரலில் 'கோவை' என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் 'கோவை' கிடைக்காமல் போகலாம்.

தமிழைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைத்துப் பாருங்கள். சிலர் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறார்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த பொது அமைப்பு அது. சிலர் ஆங்கில ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் முறையில் அடிக்கிறார்கள். தட்டச்சு நிலையத்தில் பயின்றவர்கள் பழைய தட்டச்சு முறையை விடுவதில்லை. மூவரும் 'அம்மா' என்று அடித்தால் யூனிகோடில் சேமிக்கப்படும் எண்கள் ஒன்றேதான். அதனால் மூவரும் ஒரே பத்திரிகையில் சேர்ந்து வேலை செய்யலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் நிலைமை வேறு. எழுத்துருவுக்கு எழுத்துரு எண் முறை மாறியது. அப்போது மூவருக்கும் ஒரே விசைப்பலகையைக் கொடுத்திருந்தாலும், ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் புரியாத குறிகளாகத்தான் தெரிந்திருக்கும்.

சண்டையை எந்திரத்திடம் விட்டார்கள்

கோப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். எடிட்டர் அவரவர் விருப்பம். இந்த இரண்டையும் ஒருசேர எப்படி அடைவது?

கூகுள் நிறுவனம் 2009-இல் 'கோ' என்ற நிரல் மொழியை வெளியிட்டது. (நம் எழுத்து 'கோ' அல்ல, ஆங்கிலத்தில் 'போ' என்று பொருள்.) அதனுடன் 'கோ-ஃபம்ட்' என்ற சிறு கருவியும் கிடைத்தது. நீங்கள் எந்த எடிட்டரில் எப்படி அடித்திருந்தாலும், சேமிக்கும்போது அதை ஓட்டினால் இடைவெளிகளை எல்லாம் ஒரே ஒழுங்கில் மாற்றிக் கொடுத்துவிடும். டேப்பா இடைவெளியா, அடைப்புக்குறி எந்த வரியில் என்ற வாதங்களுக்கு அங்கே இடமே இல்லாமல் போயிற்று. அந்த ஒழுங்கு யாருக்கும் முழுமையாகப் பிடித்திருக்க வேண்டியதில்லை; எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதும். வேறு மொழிகளுக்கும் இப்படிப்பட்ட கருவிகள் பிறகு பெருகின. 'எடிட்டர்கான்ஃபிக்' என்ற ஒரு சிறு கோப்பை நிரல்களோடு வைத்தால், டேப் அகலம், வரி முடிவு முதலியவற்றைப் பல எடிட்டர்கள் அதைப் படித்துத் தாமே பின்பற்றும்.

இன்னொரு தடையும் இருந்தது. நவீன எடிட்டர்கள் நிரலைப் புரிந்துகொண்டு, "இந்தப் பெயர் எங்கே தொடங்கியது, இங்கே என்ன பிழை" என்றெல்லாம் சொல்கின்றன. இந்த அறிவை ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே ஊட்ட வேண்டியிருந்தது. 10 எடிட்டர், 20 மொழி என்றால் 10 x 20 = 200 வேலைகள். ஆகவே பணபலம் உள்ள எடிட்டருக்கு மட்டுமே எல்லா வசதியும் கிடைத்தன. அலுவலகங்களும் அதையே வாங்கி எல்லோர் தலையிலும் கட்டின. 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வேறு சில நிறுவனங்களுடன் சேர்ந்து ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. மொழியறிவு ஒரு தனி மென்பொருளில் இருக்கும். எடிட்டர் அதனிடம் ஒரு பொதுவான முறையில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளும். இப்போது எத்தனை வேலை? 10 + 20 = 30. பால்டிமோரின் குழாய் முனைதான் இங்கே வேறு வேடத்தில் வந்திருக்கிறது.

அலுவலகம் சொல்வதும் சரியான இடங்கள்

எல்லாவற்றுக்கும் சுதந்திரமே மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். சில இடங்களில் எடிட்டரையும் நிரலையும் பிரிக்கவே முடியாது. 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் உருவான 'ஸ்மால்டாக்' மொழியில் நிரல், எடிட்டர், ஓடும் சூழல் எல்லாம் ஒரே உலகம். வெளியே தனிக் கோப்பாக எடுத்து வேறு எடிட்டரில் திருத்துவது அதன் இயல்புக்கே ஒவ்வாதது. இன்று ஐபோனுக்கு நிரல் எழுதுவோர் பெரும்பாலும் ஆப்பிளின் 'எக்ஸ்கோட்' மென்பொருளைச் சார்ந்தே இருக்கிறார்கள். எழுதுவதை வேறிடத்தில் செய்தாலும் முடிப்பதற்கு அங்கே வந்தாக வேண்டும்.

பாதுகாப்பு என்பது இதைவிடக் கனமான காரணம். இக்கால எடிட்டர்களில் யாரோ எழுதிய நூற்றுக்கணக்கான துணைக் கருவிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவை பெரும்பாலும் உங்கள் கணிப்பொறியில் நீங்கள் படிக்கக்கூடிய எதையும் படிக்கக்கூடியவை. செயற்கை நுண்ணறிவுத் துணைகளோ, நீங்கள் எழுதும் நிரலை வெளியே உள்ள கணிப்பொறிகளுக்கு அனுப்பிப் பதில் பெறுகின்றன. ஒரு வங்கியின் நிரலோ மருத்துவமனையின் நிரலோ அப்படிப் போகலாமா? இன்ன கருவிகள் கூடும், இன்னவை கூடாது என்று அலுவலகம் பட்டியலிடுவதில் தவறில்லை. பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட எடிட்டர் இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

புதிதாகச் சேருபவருக்கும் ஒரு பொது எடிட்டர் நல்லது. வந்த முதல் நாளே "எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்றால் அவர் மிரண்டுபோவார். உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் ஆசிரியர் 40 பேருக்கும் ஒரே எடிட்டரைக் கொடுப்பது இதனால்தான். பெயர் தெரியாத நாற்பது திரைகளுக்கிடையே ஓடி ஓடி அவரால் பாடம் நடத்த முடியாது.

ஒன்றை மட்டும் நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. 'ஆட்டம்' என்று ஓர் எடிட்டர் இருந்தது, பலர் விரும்பியது. அதை நடத்திய கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பர் 15-ஆம் நாள் அதை மூடிவிட்டது. எல்லோரும் அதையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டளையிட்டிருந்த அலுவலகம் ஏதேனும் இருந்திருந்தால், அது எல்லோரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியிருந்திருக்கும். 1976-இல் பிறந்த வி.ஐ.யின் வாரிசும் ஈமேக்ஸின் வாரிசும் இன்னும் நலமாக இருக்கின்றன. 2015-இல் வந்த மைக்ரோசாஃப்டின் 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' எடிட்டரை, நிரலாளர்களிடையே 2024-இல் நடந்த ஒரு பெரிய கருத்துக்கணிப்பில் நான்கில் ஏறக்குறைய மூவர் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். யாரும் உத்தரவிடாமலே ஓர் எடிட்டர் இவ்வளவு பரவும் என்றால், மீதி நான்கில் ஒருவர் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். பிடிவாதம் காரணமாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம்.

காதால் படிப்பவர்

டி. வி. ராமன் புனேயில் வளர்ந்தவர். கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை இழந்தார். கணிதம் பயின்று, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறியியல் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பல பெரிய நிறுவனங்களில் கணிப்பொறி அறிஞராகப் பணியாற்றினார்.

பார்வையற்றோருக்காகத் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்கள் அப்போதே இருந்தன. ஆனால் அவை திரையை வெளியிலிருந்து பார்த்துப் படிப்பவை. வரிசையாக எழுத்துகளைச் சொல்லுமே தவிர, இது நிரலின் குறிப்பு, இது மேற்கோளுக்குள் உள்ள சொல் என்று அவற்றுக்குத் தெரியாது. ராமன் 1995-இல் 'ஈமேக்ஸ்பீக்' என்பதை வெளியிட்டார். ஈமேக்ஸ் எடிட்டரில் யார் வேண்டுமானாலும் எதையும் சேர்க்கலாம் என்று பார்த்தோம் அல்லவா? அந்தக் கதவு வழியாகத்தான் இது உள்ளே சென்றது. எடிட்டருக்கு உள்ளேயே இருந்து பேசுவதால், ஒவ்வொரு வரியும் என்ன வகை என்று அறிந்து பேசும். குறிப்பை ஒரு குரலிலும் ஆணையை இன்னொரு குரலிலும் படிக்கும். நமக்கு நிறம் செய்யும் வேலையை அவருக்குக் குரல் செய்கிறது.

இப்போது ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அழகான, வேகமான ஓர் எடிட்டரை எல்லோருக்கும் கட்டாயமாக்குகிறார்கள். அந்த எடிட்டருக்கு இப்படிப் பேசத் தெரியாது. ஈமேக்ஸ்பீக் வழியாக வேலை செய்யும் ஒருவர் அங்கே இருந்தால், மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் அது சிறு தொல்லை. அவருக்கு வேலையே போய்விடும். மணிக்கட்டு வலியால் விசைப்பலகையைத் தொட முடியாமல் குரலால் நிரல் எழுதுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் நிலையும் இதேதான். விதி எழுதுபவர் பெரும்பாலும் இவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. கெட்ட எண்ணம் காரணமில்லை. அவருடைய மேசையிலிருந்து பார்த்தால் இவர்கள் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் இரண்டு வேறு எடிட்டர்கள் கிடைத்தால் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒன்று விண்டோஸின் நோட்பேடாகவும் மற்றது லினக்ஸ் கணிப்பொறியில் உள்ளதாகவும் இருந்தால் மிக நல்லது. இரண்டிலும் வரிக்கு ஒன்றாக அ, ஆ, இ என்று மூன்றே எழுத்துகளை அடியுங்கள். ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும், கடைசி எழுத்துக்குப் பின்னும்கூட, எண்டர் விசையைத் தட்ட வேண்டும். யூ.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். பிறகு கோப்பின் பண்புகளைத் திறந்து அதன் அளவு எத்தனை பைட் என்று பாருங்கள். (வட்டில் அடைத்துக்கொள்ளும் இடம் என்று இன்னோர் எண் தெரியும், அதைப் பார்க்க வேண்டாம்.)

இந்த முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கு 3 பைட், மூன்றுக்கு 9. வரி முடிவு 10 என்ற ஒரே எண்ணாக இருந்தால் மூன்று வரிக்கு 3 பைட் சேர்ந்து மொத்தம் 12. அது 13, 10 என்று இரண்டாக இருந்தால் 6 சேர்ந்து 15. சில எடிட்டர்கள் கோப்பின் தொடக்கத்தில், "இது யூனிகோடு கோப்பு" என்று சொல்ல 3 பைட் அடையாளம் ஒன்றையும் ஒட்டிவைக்கும். அப்போது 12 என்பது 15 ஆகும். 15 என்பது 18 ஆகும்.

ஆக, உங்களுக்கு 15 வந்தால் அதற்கு இரண்டு காரணங்களில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க நான்காவது வரியாக 'ஈ' சேர்த்து எண்டர் தட்டிச் சேமியுங்கள். அளவு 20 ஆனால் வரி முடிவு இரட்டை எண். 19 ஆனால் தொடக்கத்தில் அந்த அடையாளம் ஒட்டியிருக்கிறது. இரண்டு எடிட்டரிலும் வந்த விடைகளை நோட்டில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.